கடைசி வீட்டுக்கு வந்து சேரும் வலிகள்

திருப்பூருக்குத் தெற்கே, பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன்கள் திரும்புகிற முக்கில், சேமலையப்பன் லைன் என்று ஒன்று இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் ஏழு வீடு, முன்னால் ஒரு குழாய், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்ரூம். அந்த லைனில் ஒரு பொம்பளைக்கு உடம்பை நீவிவிட்டால், அவளை விட்டு இறங்குகிற வலி அப்படியே கிழக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே இருக்கிற பொம்பளைமேல் ஏறிக்கொள்ளும். இது எப்போது ஆரம்பித்தது, ஏன் ஆரம்பித்தது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், அங்கே குடியிருக்கிறவர்களே கேட்கவில்லை. மழை பெய்தால் எந்த வீட்டு ஓடு ஒழுகும் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

முதல் வீடு சுந்தராம்பாளுடையது. லைன் ஓனருக்கு அவள் சம்பந்தி முறை, வாடகை வசூல் அவள் கையில், குழாயும் அவள் வாசலுக்கு நேராகத்தான் இருந்தது. நாச்சக்கா என்று ஒருத்தி, ஞாயிறானால் மொபெட்டில் எண்ணெய்ச் சீசாவைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாக உடம்பு நீவிவிட வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சுந்தராம்பாளின் கழுத்தைப் பிடித்து நீவிவிட்டுப் போக, சுந்தராம்பாள் கழுத்தை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு கறி எடுக்கப் போய்விட்டு வந்தாள். வருவதற்குள் பக்கத்து வீட்டு ஈசுவரி தலையைச் சாய்த்துப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

“ஏனுங்க்கா, உங்க கழுத்து எங்கிட்ட வந்திருக்குதாட்ட இருக்குதுங்களே.”

“எடது பக்கமா கண்ணு?”

“ஆமாங். தும்முனாப் பிடரியில சுருக்குங்குது.”

“அப்ப அது என்றதேதான். நீயும் நாச்சாளக் கூப்பிட்டு நீவிக்க, போயிரும்.”

ஈசுவரி நீவிக்கொண்டாள், போய்விட்டது. மூன்றாம் வீட்டுக்காரி நீவிக்கொண்டாள், அங்கிருந்தும் போய்விட்டது. யாருடைய வலி எது என்பது எல்லோருக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. மழைக்கு முன்னால் குத்துகிற முட்டி ஈசுவரியுடையது, குனிந்தால் பிடித்து நிமிர்ந்தால் விடுகிற இடுப்பு மூன்றாம் வீட்டுடையது என்று, கிண்ணத்தின் அடியில் பேர் வெட்டி வைத்திருப்பதுபோலப் பார்த்தவுடனே சொன்னார்கள். வீட்டுக்குள் வந்த வலி ஆம்பளைகள் படுத்திருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது ஏன் என்றும் ஒருத்தரும் கேட்கவில்லை. இறங்கிய இடத்தில் வாரம் முழுக்கப் பாடுபட்டு அதே வலி மறுபடியும் ஊறிவிடும், அதனால் ஞாயிறுதோறும் நாச்சக்கா மேற்கே முதல் வீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாகக் கிழக்கே வருவாள், வாசல் கூட்டுகிற மாதிரி, லைனில் இருக்கிற வலியெல்லாம் அவள் கைக்கு முன்னால் ஓடிக் கடைசி வீட்டில் வந்து குவியும்.

கடைசி வீடு துளசிமணியுடையது. அதற்குக் கிழக்கே குடியிருக்கிற வீடு கிடையாது, ஓனர் பாதியில் விட்ட சுவரும் சீமைக்கருவேல முள்ளும்தான் உண்டு.

துளசிமணி பனியனுக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். சும்மா ஆனவள் இல்லை. தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலைக்குக் கைமடி என்று பெயர், அந்தக் கைமடியாகக் கம்பெனிக்குள் நுழைந்து, நின்று நின்று கால் வீங்கி, சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவள் மிஷினில் உட்கார்ந்து திட்டு வாங்கித் தொழில் பழகி, ஒருவழியாகத் தனக்கென்று ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் பிடித்து உட்கார்ந்தவள். அந்த ஸ்டூல்தான் அவளுக்கு எல்லாம். இப்போது வலதுகையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை, கழுத்து சுந்தராம்பாளுடையதாக இருந்தது, முட்டி ஈசுவரியுடையதாக இருந்தது, ஆறாம் வீட்டு மரகதத்தின் முழங்கை வேறு சேர்ந்துகொண்டு பீஸைத் தள்ளும்போதெல்லாம் மின்னல் வெட்டியது. அவளுக்கென்று சொந்தமாக ஒரு வலி இருந்தது, அது எங்கே கிடக்கிறதென்றே தெரியவில்லை.

சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னான். “கை சரியாகலீன்னா சொல்லீருங்க்கா. இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் கைமடிக்கே போயிருங்க, வேற ஆளு உக்காரட்டும்.”

அவளும் நீவிக்கொள்ளாமல் இல்லை. நீவினால் இறங்கத்தான் செய்தது. இறங்கிச் சுவரைத் தாண்டி முள்ளுக்குள் போய் ஆள் தேடும், அங்கே ஓணானும் எலியும்தான் இருக்கும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்துக்கு மேயப்போன மாடு மாதிரி வரிசையாகத் திரும்பி வந்து அவள்மேலேயே ஏறிக்கொள்ளும். காலையில் நீவிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் துணி துவைத்துக் கறிக்கொழம்பு வைத்துப் பாத்திரம் தேய்ப்பதற்குத்தான் அந்தச் சுகம் உதவியது. வேறு லைன் பார்க்கலாம் என்றால் புருஷன் சென்னியப்பன் கேட்கவில்லை. அவனுக்கு லோடு ஆட்டோ நிறுத்த இங்கேதான் இடம் இருந்தது.

“பேசாம ஒரு மாத்திரை போட்டுக்க,” என்பான் அவன், படுத்தபடியே.

“ஏழு வீட்டு வலிக்கும் ஒரே மாத்திரையா?”

“ரெண்டாப் போட்டுக்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குழாயடியில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

“மாசம் ஒருக்கா வெச்சுக்கலாமுங்க. அமாவாசைக்கு அமாவாசை. இப்பிடி வாராவாரம் நீவிக்கிட்டா நான் எங்க போறது?”

ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். எத்தனை நாளைக்கு ஒருதரம் உடம்பு நீவிக்கொள்ள வேண்டும் என்பதில் இத்தனை சாஸ்திரம் இருக்கிறதென்று துளசிமணிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“வாரம் ஒருக்கா நீவிக்கிட்டாத்தான் ஒடம்புக்கு நல்லது. டீவில டாக்டரே சொல்றாரு,” என்றாள் சுந்தராம்பாள். “மாசம் ஒருக்கான்னா நரம்பு முறுக்கிக்கும்.”

“அமாவாசையன்னைக்கு எண்ணெயே தொடக்கூடாதுங்க, அது மொதல்ல தெரிஞ்சுக்கோணும்,” என்றாள் ஈசுவரி.

“வலிக்கிறப்பத்தான நீவ முடியும்? வலிக்கு நாள் கெழம தெரியுமா?” என்றாள் மரகதம். அவளுடைய முழங்கை அந்த நேரத்தில் துளசிமணியிடம் இருந்ததால் வீசிவீசிப் பேச முடிந்தது.

மொபெட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாச்சக்காளைக் கேட்டார்கள். “வாரத்துக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு நல்லது, வாரத்துக்கு ரெண்டுன்னா எனக்கு நல்லது. எறக்கறதுதான் எம்பட வேலை. அது எங்க போகுதுங்கறது நீங்க பேசி முடிச்சுக்கோங்க,” என்றாள் அவள்.

அப்போதுதான் சுந்தராம்பாள் அட்டைப் பேச்சை எடுத்தாள். பாத்ரூம் கழுவுகிற முறைக்கென்று லைனில் ஒரு தகர அட்டை உண்டு. அன்றைக்கு யார் வாசலில் தொங்குகிறதோ அவர்கள் கழுவ வேண்டும், கழுவியதும் அட்டையைக் கிழக்குப் பக்கத்து வாசலில் மாட்டிவிட வேண்டும், கடைசி வீட்டுக்கு வந்தபிறகு அட்டை மறுபடியும் முதல் வீட்டுக்குப் போகும்.

“பொறுத்துக்க துளசி. கடேசி வீட்டுக்கு வந்தது அப்புறம் எங்க போகும்? மொத வீட்டுக்குத்தான வரோணும். அட்டை வர்றதில்லையா? வரட்டும், நான் வாங்கிக்கறேன். நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சுந்தராம்பாள் ஏமாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை, சத்தியமாக நம்பித்தான் சொன்னாள். ஏமாற்றியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். நம்பிக்கொண்டு நிற்கிறவளிடம் என்னத்தைச் சண்டை போடுவது? “அட்டை தானாப் போறதில்லீங்க்கா, நான் கொண்டுபோய் மாட்டறேன்,” என்று துளசிமணி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. முதல் வீட்டையும் தன் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். குழாய்ச் சத்தத்தில் உனக்குத் தூக்கம் வராது கண்ணு என்று அக்கறையாகச் சொல்லிவிட்டாள் சுந்தராம்பாள்.

கடைசியில் அவள் கெஞ்சின கெஞ்சலுக்கு மாசம் ஒருக்கா என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாச்சக்கா முக்கிலேயே மொபெட்டை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு நீவினார்கள், எண்ணெய் வாசனை வெளியே வராமல் இருக்க ஊதுபத்தி கொளுத்தினார்கள். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த துளசிமணியின் முழங்கையில் சுளீர் என்றது.

“மரகதம், உன்ற முழங்கை வந்துருச்சு,” என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மரகதம் சொன்னாள்: “எம்பட முழங்கைன்னு எப்பிடிச் சொல்றே? ஊர்ல வேற யாருக்கும் முழங்கையே இல்லியா?”

இப்படியே மாசம் முடிகிற நேரத்துக்கு வந்தது. துளசிமணியின் ஸ்டூலில் இன்னொருத்தியை உட்காரவைத்துப் பழக்க ஆரம்பித்துவிட்டான் சூப்பர்வைசர். அந்தச் சமயத்தில்தான், முன்னமே ஓனர் முள்ளை வெட்டிச் சுவரெழுப்பி வைத்திருந்த எட்டாவது வீட்டுக்கு ஓடு போட்டு முடிந்தது. துளசிமணியின் கிழக்குச் சுவர்தான் அந்த வீட்டுக்கு மேற்குச் சுவர். விழுப்புரத்துப் பக்கமிருந்து கல்யாணமான கையோடு ஒரு ஜோடி குடிவந்தது. பெண்ணின் பெயர் செவ்வந்தி. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குக்கரும் சாமான்.

லைனே சந்தோசப்பட்டது. துளசிமணிக்கு ஒரு விடிவு வந்துவிட்டதென்று மனசார மகிழ்ந்தார்கள், பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை சுந்தராம்பாள் தன் வீட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, நாச்சக்காளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். “உனக்கும் ஒரு பக்கத்து வீடு வந்துருச்சு கண்ணு. படு.”

படுத்தாள். படுக்காமல் என்ன செய்வாள்? நாளைக்குக் கம்பெனியில் கடைசிக் கெடு. சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி சாமி படம் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தாள், டொக் டொக்கென்று சத்தம் வந்தது. நாச்சக்காளின் பெருவிரல் தோளில் இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழன்றது, கழுத்து, முட்டி, இடுப்பு, முழங்கை எல்லாம் சுவரைத் தாண்டிப் போனது. ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. துளசிமணிக்கு அது கேட்டது, கேட்காதமாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பொழுது சாய்ந்தது, எதுவும் திரும்பி வரவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கினாள், தூக்கிய கையை இறக்க மனசில்லாமல் அப்படியே நின்றாள். எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

திங்கட்கிழமை ஸ்டூல் அவளுடையதாகவே இருந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, பழகிக்கொண்டிருந்தவளை வேறு மிஷினுக்கு அனுப்பினான். ஆனால் அதே வேனில் அதே கம்பெனிக்குச் செவ்வந்தியும் வந்தாள், கைமடியாக, அதுவும் இவள் மிஷினுக்கே. குனிந்தால் நிமிர முடியவில்லை அந்தப் பெண்ணுக்கு. கட்டுத் துணியைத் தூக்கப்போய்க் கீழே போட்டாள், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாள், கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தண்ணி ஒத்துக்கல போலருக்குக்கா. எங்க ஊர்ல மூட்டை மூட்டையா நெல்லு தூக்குனவ நானு. ரெண்டு நாள்ல சரியாய்டும்.”

இதைக் கேட்டுக்கொண்டு தைக்க முடிந்தால் அவள் துளசிமணி இல்லை. பீஸ் கோணிக்கொண்டு போனது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு வாரமாவது நிம்மதியாக இருக்க விடுகிறதா இந்த மனசு என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சுந்தராம்பாள்மேல் வந்தது, நாச்சக்காள்மேல் வந்தது, எதுவும் தெரியாமல் சிரிக்கிற செவ்வந்திமேலும் வந்தது. வாரம் முழுக்க அந்தப் பெண் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்தாள். சனிக்கிழமை வேனில் வரும்போது எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டாள். யாருடைய கழுத்து, யாருடைய முழங்கை, தான் என்ன செய்தோம் என்பதுவரை சொன்னாள். “ஆணி அடிக்கிறப்ப எல்லாம் ஒண்ணா ஏறுச்சுக்கா, அப்பவே நெனச்சேன்,” என்றாள் செவ்வந்தி.

மறுநாள் நாச்சக்கா வழக்கம்போல முதல் வீட்டிலிருந்து நீவிக்கொண்டு வந்தாள். தனக்கும் நீவி முடித்துச் சீசாவை மூடப்போனவளைத் துளசிமணி கையைப் பிடித்துச் செவ்வந்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“கடேசி வீட்டுல நீவி என்ன பிரயோசனம்? பொழுதோட திரும்பி வந்துரும். உனக்குத் தெரியாததா?” என்றாள் நாச்சக்கா.

“வரட்டும். அதுவரைக்குமாவது இந்தப் பிள்ள நிமுந்து நடக்கட்டும்.”

நாச்சக்கா நீவினாள். எட்டு வீட்டு வலியும் இறங்கி, மிச்சமிருந்த முள்ளுக்குள் போய்விட்டது. செவ்வந்தி எழுந்து நின்று இரண்டு கையையும் வீசிப் பார்த்தாள், வீட்டுக்குள் நாலு எட்டு நடந்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அதைப் பார்த்ததும் துளசிமணிக்குத் துணி துவைக்கத் தோன்றவில்லை, கறிக்கொழம்பும் தோன்றவில்லை.

“பொழுதுக்குள்ள எத்தன எடம் சுத்த முடியுமோ சுத்திட்டு வந்தர்லாம். சீலையைக் கட்டு,” என்றாள்.

சென்னியப்பன் லோடுக்குப் போயிருந்தான், செவ்வந்தியின் புருஷனுக்கு ஓவர்டைம். இரண்டு வீட்டையும் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சேமலையப்பன் லைனில் ஞாயிற்றுக்கிழமை வீடு பூட்டிக்கிடந்தது அதுதான் முதல்தடவை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு, துவைக்கவும் ஆக்கவும் நீவிக்கொள்ளவும் அதுவே பத்தாது, யார் ஊர் சுற்றப் போவார்கள்? பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், கடைவீதியில் வளையல் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தார்கள், தள்ளுவண்டியில் காளான் தின்றார்கள், பூங்காவில் குழந்தைகளை இறக்கிவிட்டு ஊஞ்சலில் இவர்கள் ஆடினார்கள். திரும்புகிற பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். அதை விட்டு அடுத்ததில் தொற்றிக்கொண்டு வந்தபோது வழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டுபேரும் கம்பியைப் பிடித்தபடி வலி வந்து ஏறப்போகிறதென்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முக்கில் இறங்குகிறவரைக்கும் ஒன்றும் வரவில்லை.

லைனில் கூச்சலாக இருந்தது. முள்ளுக்குள்ளிருந்து பொழுதோடு திரும்பிய வலியெல்லாம் எட்டாம் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறது, பூட்டு. ஏழாம் வீட்டுக்கு வந்தது, அங்கும் பூட்டு. இதுவரை கடைசி வீட்டில் எப்போதும் ஒருத்தி இருந்ததால் அதற்குமேல் நடந்து அவற்றுக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் வேறு வழியில்லாமல் மேற்கே நடந்திருக்கின்றன. ஆறாம் வீட்டு வாசலில் மரகதத்தைப் பார்த்ததும் மரகதத்தின் முழங்கை அடையாளம் தெரிந்து நின்றுவிட்டது, மற்றவை நடந்தன. இடுப்பு மூன்றாம் வீட்டில் நுழைந்தது. முட்டி ஈசுவரி வீட்டுப் படியேறியது. கடைசியாக, துணைக்கு ஒரு வலியும் இல்லாமல், கழுத்து முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுந்தராம்பாள் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

“வீட்டைப் பூட்டிட்டு எங்கடி போனே?”

“ஊர் சுத்தப் போனோமுங்க்கா.”

“ஞாயித்துக்கெழம அதுவுமா? என்ன பழக்கம் இது? இன்னி எத்தன நாளைக்கு ஒருக்கா இப்பிடிப் போவீங்க?”

“வாரம் ஒருக்காப் போனா ஒடம்புக்கு நல்லதுங்களாமா,” என்றாள் துளசிமணி.

சுந்தராம்பாள் வாயைத் திறந்தாள். வாயைத் திறந்தால் பிடரியில் இழுத்தது, அதனால் மூடிக்கொண்டாள். மரகதம் முழங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்குள் நின்றாள். துளசிமணியும் செவ்வந்தியும் அவர்களைத் தாண்டி நடந்தார்கள்.

எட்டாம் வீட்டு வாசலில் செவ்வந்தி தயங்கி நின்றாள். “அக்கா, படியில ஏதோ இருக்குதுக்கா.”

“உன்ற வலிதான் கண்ணு. விழுப்புரத்துலருந்து பஸ்ஸுல இத்தன தூரம் வந்தியே, அந்தக் கால் வலி. உனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கும். உள்ள கூட்டிக்க.”

துளசிமணி தன் வீட்டுக்குத் திரும்பினாள். அவள் படியிலும் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய்விட, போக வேறு வீடில்லாமல் பூட்டின கதவுக்கு முன்னால் அது காத்துக்கிடந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே, ஓவர்லாக்கில் பீஸைத் தள்ளித் தள்ளி வந்தது, சின்னது, அடுத்தவர் வலிகளுக்கு அடியில் கிடந்து நசுங்கி அவளே மறந்துபோயிருந்தது. இவ்வளவு அலைந்தும் இது மட்டும் போக வழியில்லையே என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அதை முறைத்தாள். நாளைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து எட்டு மணிநேரம் தைக்க இது ஒன்றோடு மல்லுக்கட்டினால் போதும் என்று கணக்குப் பார்த்தாள்.

“நீ ஒண்ணுதான, வந்து தொலை,” என்று கதவைத் திறந்துவிட்டாள்.